தலைமை தாங்க வருகிறார்கள்!

நம் ஊரில் பொதுக்கூட்டம் போடுகிறவர்கள் நோட்டீஸ் அச்சடிக்கும்போது, "தலைமை" என்று பெரிய எழுத்தில் ஒரு வரி போட்டு, அதன் கீழே ஒரு பெரிய மனிதரின் பெயரைப் போடுவார்கள். அந்தப் பெரிய மனிதர் கூட்டத்துக்குக் கடைசியாக வருவார். எல்லாருக்கும் முன்னால் போய்விடுவார். நாற்காலி தூக்கிப் போட்டவன், மைக் கட்டியவன், தரை பெருக்கியவன் இவர்கள் பெயர் நோட்டீசில் இராது. இருந்தாலும் அதனால் குடி ஒன்றும் முழுகிப் போவதில்லை. ஒரு மாலைப் பொழுது வீணாகிறது; அவ்வளவுதான்.

உலகத்தின் அடுப்பையே மாற்றிக் கட்ட வேண்டிய காரியத்தில் இதே மாதிரியான தலைமை வாய்த்தால் என்ன செய்வது? அதுதான் இப்போது நம் கண்முன் நடக்கிறது.

நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து எரித்து வானத்தைச் சூடேற்றிவிட்டோம். இனிமேல் வெயில், காற்று, நீர் இவற்றிலிருந்து மின்சாரம் எடுத்துத்தான் பிழைக்க வேண்டும் என்று உலகத்து தேசங்கள் எல்லாம் கூடி, 2015 டிசம்பரில் பாரிஸ் நகரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. தலைமை நாற்காலியில் உட்கார வேண்டிய அமெரிக்கா 2017ல் விலகப் போவதாகச் சொல்லிற்று; 2020 நவம்பரில் விலகிற்று; 2021 பிப்ரவரியில் திரும்பி வந்தது; 2025 ஜனவரி 20ஆம் தேதி மறுபடியும் விலகுவதாக உத்தரவு போட்டது. அதற்கு முன், 1997ஆம் ஆண்டுக் கியோட்டோ உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு 2001ல் கையை உதறிக்கொண்டதும் அதே தேசந்தான். நம் கல்யாணங்களில் மாப்பிள்ளை காசி யாத்திரை போவது ஒரே ஒரு தடவைதான். இந்த மாப்பிள்ளைக்கு ஆட்சி மாறும்போதெல்லாம் காசி யாத்திரை!

மற்றொரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது சீனா. உலகத்துச் சோலார் பேனல் தொழிலில், மூலப்பொருளிலிருந்து முடிந்த சரக்கு வரைக்கும், ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் அதன் கையில் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அந்த தேசம் 277 கிகாவாட் சூரிய மின்சாரத்துக்குப் பேனல் பதித்தது. நாம் இத்தனை ஆண்டுகளாகச் சேர்த்த மொத்தக் கையிருப்பே 2025 ஜனவரியில்தான் 100 கிகாவாட்டைத் தாண்டியது. மகத்தான காரியந்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதே 2024ல் அதே தேசம் 94 கிகாவாட்டுக்கு மேற்பட்ட நிலக்கரி மின்நிலையங்களைக் கட்ட ஆரம்பித்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். உலகம் எரிக்கும் நிலக்கரியில் பாதிக்கு மேல் அங்கேதான் எரிகிறது.

இவர்கள் இருவருக்கும் இடையில் யார் உலகத்துக்குத் தலைவர் என்று போட்டி. இந்தப் போட்டியால் நமக்கு நன்மைதான் என்று நம்மிலே படித்தவர்கள் பலர் சொல்கிறார்கள். ரயிலில், திருமண வீட்டில், பத்திரிகையில், எங்கே பார்த்தாலும் இந்தக் கட்சிக்கு ஆள் இருக்கிறது. "போட்டி இருந்தால்தான் சரக்கு மலியும். அமெரிக்காவும் சீனாவும் முட்டிக்கொள்ளட்டும். நாம் இரண்டு பேரிடமும் வாங்கிக்கொள்ளலாம். ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்!" என்கிறார்கள்.

இந்தப் பழமொழியைச் சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது, ஊரில் அறுவடை ஆகி நெல் வீடு வந்து சேர்ந்திருந்தால்தான். ஊர் பற்றி எரியும்போது தண்ணீர்த் தொட்டி யாருடையது என்று இரண்டு கட்சிக்காரர்கள் அடித்துக்கொண்டால், அங்கே கூத்தாடிக்கு என்ன வேலை?

முதலில் அந்தச் சோலார் பேனலையே எடுத்துக்கொள்வோம். "போட்டியினால்தான் அது மலிந்தது" என்பது இவர்களுடைய முதல் சாட்சி. அந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

இன்றைக்கு நம் மொட்டை மாடிகளில் இருக்கும் சிலிக்கன் சோலார் செல்லுக்கு மூதாதை 1954ல் அமெரிக்காவின் பெல் சோதனைச்சாலையில் பிறந்தது. 1958ல் வான்கார்டு என்ற சிறு செயற்கைக்கோளில் ஏறி வானத்துக்குப் போயிற்று. ருஷ்யாவின் ஸ்புட்னிக்குக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற அவசரம் இல்லாவிட்டால் அவ்வளவு சீக்கிரம் போயிருக்காது. இந்த ஒரு புண்ணியத்தைப் போட்டியின் கணக்கில் வரவு வைக்கத் தயார். அப்புறம்? 1979ல் ஜனாதிபதி கார்ட்டர் வெள்ளை மாளிகையின் கூரைமேல் வெயிலில் வெந்நீர் போடும் தகடுகளை வைத்தார். 1986ல், ரீகன் காலத்தில், கூரை செப்பனிடும் சாக்கில் அவை கீழே இறங்கின; திரும்ப ஏறவில்லை. பெற்ற தாய் பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பிள்ளையை வளர்த்தவர்கள் யார்? ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் கிரீன் என்ற பேராசிரியர் பல்கலைக்கழகச் சோதனைச்சாலையில் அதைச் செம்மைப்படுத்தினார். அவரிடம் படித்த சீன மாணவர் ஒருவர் ஊர் திரும்பி 2001ல் வூஷி நகரில் சன்டெக் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். 2000ல் ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது: வெயிலில் மின்சாரம் எடுத்துக் கொடுப்பவனுக்கு இருபது வருஷத்துக்கு நல்ல விலை நிச்சயம் என்று. அந்த ஜெர்மானியக் குடும்பங்கள் தங்கள் மின்சார பில்லில் கூடுதலாகக் கட்டிய பணந்தான் சீனத்துத் தொழிற்சாலைகளைப் பெருக்கிற்று. பெருகப் பெருக விலை விழுந்தது. 2010க்கும் 2020க்கும் இடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிட்டது.

அமெரிக்காவின் மூளை, ஆஸ்திரேலியாவின் பள்ளிக்கூடம், ஜெர்மனியின் பணம், சீனாவின் கை. இவை நான்கும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளாமல் இருந்த காலத்திலேதான் நம் வீட்டுப் பேனல் மலிந்தது. இதற்குப் போட்டி என்று பெயர் வைப்பவர்கள் கூட்டு விவசாயத்துக்கு வாய்க்கால் சண்டை என்று பெயர் வைக்கலாம்.

சண்டை வந்த பிறகு நடந்தது என்ன என்பதற்கும் சாட்சி இருக்கிறது. அது நம்முடைய சொந்த வழக்கு.

2010 ஜனவரியில் ஜவாஹர்லால் நேரு தேசிய சோலார் இயக்கம் ஆரம்பமாயிற்று. சர்க்கார் உதவி பெறுகிறவர்கள் ஒரு பங்கு பேனலையாவது இந்தியாவில் செய்ததாக வாங்க வேண்டும் என்று நாம் ஒரு நிபந்தனை வைத்தோம். 2013 பிப்ரவரியில் அமெரிக்கா உலக வர்த்தக ஸ்தாபனத்தில் நம்மேல் வழக்குப் போட்டது. சொந்த நாட்டுச் சரக்குக்குச் சலுகை காட்டுவது உலக தர்மத்துக்கு விரோதமாம்! 2016ல் தீர்ப்பு, செப்டம்பரில் அப்பீல், இரண்டிலும் நாம் தோற்றோம்.

அதே செப்டம்பரில் நாமும் ஒரு வழக்குப் போட்டோம். அமெரிக்காவிலேயே எட்டு மாகாணங்கள் உள்ளூர்ச் சரக்குக்குச் சலுகை காட்டுகின்றனவே, அது எந்த தர்மம் என்று கேட்டோம். 2019 ஜூனில் தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தது. ஆகஸ்டில் அமெரிக்கா அப்பீல் செய்தது. அந்த அப்பீலை விசாரிக்க வேண்டிய மன்றம் அந்த டிசம்பரிலேயே மூடிக் கிடந்தது. ஏனென்றால், காலியான நீதிபதி ஸ்தானங்களுக்கு ஆள் போடாமல் தடுத்து வந்தது அமெரிக்காவேதான்! தான் ஜெயித்த வழக்குக்கு நீதிமன்றம் வேண்டும். தோற்ற வழக்குக்கு நீதிமன்றத்துக்கே பூட்டு. 2022 ஆகஸ்டில் அந்த தேசம் ஒரு பெரிய சட்டம் போட்டது. அமெரிக்காவில் செய்த பொருள்களை வைத்துக் கட்டினால் கூடுதல் சலுகை என்பது அதில் ஒரு ஷரத்து. நாம் 2010ல் செய்த அதே பாவந்தான். பன்னிரண்டு வருஷத்தில் அது புண்ணியமாகிவிட்டது.

சீனா மட்டும் சாதுவா? 2010ல் ஜப்பானோடு கடலில் ஒரு தகராறு வந்தபோது, அருமண் உலோகங்களை அனுப்பாமல் ஜப்பானிய ஆலைகளைத் திணற அடித்தது. 2025 ஏப்ரலில், அமெரிக்காவின் வரிக்குப் பதிலடியாக, ஏழு வகை அருமண் உலோகங்களுக்கும் அவற்றால் செய்யும் காந்தங்களுக்கும் ஏற்றுமதி லைசென்ஸ் என்ற பூட்டைப் போட்டது. சண்டை வாஷிங்டனோடு, ஆனால் அடி யார் முதுகில் விழுந்தது தெரியுமா?

அதைப் பார்க்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் அண்ணனூருக்கு வந்தால் போதும்.

சென்னையிலிருந்து அரக்கோணம் போகிற பாதையில், திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கிறது அண்ணனூர். பெரிய ஊர் ஒன்றுமில்லை. மின்சார ரயில்களை நிறுத்திவைத்துப் பழுது பார்க்கும் கார் ஷெட்டைச் சொன்னால்தான் பலருக்கு அடையாளம் தெரியும். மேற்கே ஆவடியில் டாங்கி செய்கிற தொழிற்சாலை. பிரிட்டிஷ்காரர்களின் உதவியோடு விஜயந்தா செய்தது, அப்புறம் ருஷ்ய டாங்கிகள் செய்தது. கிழக்கே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. அங்கே ஆயிரக்கணக்கான சின்னப் பட்டறைகள்.

அந்தப் பட்டறைகளில் ஒன்றை நடத்துகிறவர் எனக்குப் பழக்கம். நாலு லேத், எட்டு ஆள். இருபது வருஷமாகப் பெட்ரோல் வண்டிக்குப் பற்சக்கரம் கடைந்துகொண்டிருந்தவர், "இனிமேல் காலம் மின்சார வண்டிக்குத்தான்" என்று நம்பி, கடன் வாங்கி, மோட்டாருக்கு வேண்டிய தண்டு கடைகிற வேலைக்கு மாறினார். 2025 ஜூன், ஜூலையில் ஆர்டர் சுருங்கிற்று. விசாரித்தால், மோட்டாருக்குள் வைக்க வேண்டிய காந்தம் வரவில்லையாம். "சார், தண்டு நம்ம ஊர் இரும்பு, கடையறவன் நம்ம ஊர் ஆளு, வண்டி ஓடப் போறது நம்ம ஊர் ரோட்டுல. உள்ளே ஒரு விரல் அளவு காந்தம்; அது இல்லேன்னு எல்லாம் நிக்குது. அவங்க சண்டைக்கும் எனக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்டார். அந்த அக்டோபர் கடைசியில் இரண்டு தலைவர்களும் கொரியாவில் சந்தித்துக் கை குலுக்கி, புதிதாகப் போட இருந்த பூட்டுகளை ஒரு வருஷத்துக்கு ஒத்திவைத்தார்கள் என்று பத்திரிகையில் வந்தது. பட்டறைக்காரர் கட்ட வேண்டிய வட்டியை யாரும் ஒரு நாளுக்குக்கூட ஒத்திவைக்கவில்லை.

இன்னொரு காட்சி, இரண்டு தெரு தள்ளி. கார் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் மாடியில் பேனல் வைக்க விரும்பினார். 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் ஆரம்பித்த திட்டத்தில், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் வைத்தால் 78,000 ரூபாய் மானியம். காண்ட்ராக்டர் வந்து இரண்டு விலை சொன்னார். "மானியம் வேணும்னா உள்ளே இருக்கிற செல்லும் நம்ம நாட்டுதா இருக்கணும் சார், விலை கொஞ்சம் ஜாஸ்தி. மானியம் வேண்டாம்னா வெளிநாட்டு செல் வெச்சு இங்கே ஒட்டினது இருக்கு, குறைச்சல்" என்றார். அந்தப் பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. "சூரியன் ஒண்ணுதானே தம்பி?" என்று மட்டும் கேட்டார். எல்லையில் நடந்த சண்டை, வர்த்தக வழக்கு, 2022 ஏப்ரலில் நாம் வெளிநாட்டுப் பேனலுக்குப் போட்ட நூற்றுக்கு நாற்பது வரி, எல்லாம் சேர்ந்து அவருடைய மொட்டை மாடியில் இரண்டு விலையாக வந்து இறங்கியிருந்தன.

நம் நாட்டில் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கங்கைகொண்டானில் செல் ஆலை வந்திருக்கிறது. நெல்லைச் சீமைப் பெண்கள் அங்கே வேலை செய்கிறார்கள் என்றால் எனக்குச் சந்தோஷமே. ஆனால் அதற்கு வேண்டிய யந்திரமும், யந்திரத்தைப் பூட்டத் தெரிந்த ஆளும் சீனாவிலிருந்து வர வேண்டியிருக்கிறது. 2020ல் கல்வானில் ரத்தம் சிந்திய பிறகு சில வருஷங்கள் அந்த ஆளுக்கு நாம் எளிதில் விசா கொடுக்கவில்லை. யந்திரம் வந்து சாக்குப் படுதாவுக்குள் நின்றது, பூட்டுகிறவன் வரவில்லை. நம் எல்லையில் உயிர் கொடுத்த சிப்பாய்களை மறக்கச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. போட்டி நன்மை செய்யும் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுக் காட்டட்டும் என்றுதான் சொல்கிறேன்.

பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் ஓர் அமெரிக்கக் கம்பெனி பெரிய பேனல் ஆலையைத் திறந்தது. அமெரிக்க சர்க்காரின் நிதி ஸ்தாபனம் அதற்கு 50 கோடி டாலர் வரை கடன் கொடுக்க முன்வந்தது. ஏன் இந்தக் கரிசனம்? சீனாவை நம்பாமல் வேறோர் இடத்தில் பேனல் செய்ய வேண்டும் என்ற யோசனை. நல்லதுதான், வேலை கிடைத்தது. ஆனால் 2025 ஆகஸ்டில் அதே தேசம், நாம் ருஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று சொல்லி, நம் சரக்குக்கான வரியை நூற்றுக்கு ஐம்பதாக உயர்த்திற்று. ஒரு கையால் தொட்டிலை ஆட்டி, மறு கையால் கிள்ளுகிற வித்தை இது.

"அந்தக் காலத்திலும் போட்டி இருந்ததே! அதனால் நாம் வாழவில்லையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இருந்தது, வாழவும் செய்தோம். சோவியத் ருஷ்யா பிலாயில் இரும்பாலை கட்டிக் கொடுத்தது. மேற்கு ஜெர்மனி ரூர்கேலாவில் கட்டிற்று. பிரிட்டன் துர்காபூரில் கட்டிற்று. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டி, 1962ல் ருஷ்ய உதவியோடு மின்சாரம் எடுத்தோம். கிண்டியில் ஜெர்மன் உதவியோடு 1959ல் தொழில்நுட்பக் கழகம் எழுந்தது. அன்றைய வல்லரசுகள் கொடுப்பதில் போட்டி போட்டன. யார் வீட்டு மொய் பெரியது என்று காட்டிக்கொள்ளும் போட்டி அது. இன்றைய வல்லரசுகள் கொடுக்காமல் இருப்பதில் போட்டி போடுகின்றன. இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டி நம்மை ஏமாற்றக் கூடாது.

அந்த மொய்யும் சும்மா வந்ததில்லை. அமெரிக்கா தாராப்பூரில் அணு உலை கட்டிக் கொடுத்தது. 1974ல் நாம் பொக்ரானில் சோதனை செய்ததும், சில வருஷங்களில் எரிபொருளை நிறுத்திவிட்டது. கூடங்குளத்துக்கு 1988ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று வருஷத்தில் கையெழுத்துப் போட்ட சோவியத் தேசமே இல்லாமற் போயிற்று. முதல் உலை வர்த்தக ரீதியில் ஓட ஆரம்பித்தது 2014 டிசம்பர் கடைசியில். கையெழுத்துக்கும் விளக்குக்கும் நடுவில் இருபத்தாறு வருஷம்!

இதைவிட உறைக்கிற கதை ஒன்று நம் தென்கோடியில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் கறுப்பும் சிவப்பும் கலந்து மின்னும். 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் ரசாயன நிபுணர், திருவிதாங்கூரிலிருந்து போன தென்னங் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். தோரியம் அதற்குள் இருந்தது. ஐரோப்பாவின் காஸ் விளக்கு மாண்டிலுக்கு அது வேண்டியிருந்தது. மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்தார்கள். முதல் உலக யுத்தம் வந்தது. ஜெர்மானியர் போய் மணல் ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. நம் ஊர் மணலால் பெர்லினும் லண்டனும் வெளிச்சம் பெற்றன. மணவாளக்குறிச்சிக் குடிசையில் எண்ணெய் விளக்குத்தான்.

சுதந்திரம் வந்தது. அதே மணல் இப்போது அணுசக்திக்கு வேண்டிய சரக்கு. நாம் ஏற்றுமதியை நிறுத்தினோம். 1951ல் நமக்குப் பஞ்சம். அமெரிக்காவிடம் 20 லட்சம் டன் கோதுமை கேட்டோம். அவர்களுடைய சட்டசபையில் சிலர், "கோதுமை தருகிறோம், மோனசைட் தாருங்கள்" என்றார்கள். நேரு தடையை எடுக்க மறுத்தார். கோதுமை கடைசியில் கடனாக வந்தது. 1953ல் நாம் ஒரு டன் அளவு தோரியம் நைட்ரேட்டைப் போலந்துக் கப்பலில் சீனாவுக்கு அனுப்பினோம். உடனே, "எதிரிக்குச் சரக்கு அனுப்பினால் உதவி நிறுத்தப்படும்" என்ற தங்கள் சட்டத்தை அமெரிக்கா நீட்டிற்று. பெரிய ராஜதந்திரக் கலகமே நடந்தது. எழுபது வருஷத்துக்கு முன் இந்த மணலுக்காக நடந்த அதே இழுபறி, இன்றைக்குக் காந்தத்தின் பெயரால் நடக்கிறது. அந்த மோனசைட்டுக்குள்ளேதான் காந்தத்துக்கு வேண்டிய அருமண் உலோகமும் இருக்கிறது.

2025 நவம்பரில் மத்திய மந்திரிசபை, காந்தம் செய்வதற்கு 7,280 கோடி ரூபாய் திட்டம் ஒன்றை அங்கீகரித்தது. வரவேற்கிறேன். ஆனால் மணல் எங்கிருந்து வரும்? கிள்ளியூர்த் தாலுகாவில் 1,144 ஹெக்டேர் கடலோரப் பூமியில் வெட்டுவதற்கு ஏற்கெனவே யோசனை நடக்கிறது. "இந்த மணலைக் கிளறினால் கதிர்வீச்சு, எங்கள் பிள்ளைகளுக்கு நோய், கடல் ஊருக்குள் வரும்" என்று அங்கே மீன் பிடிக்கிற ஜனங்கள் அஞ்சிப் போராடுகிறார்கள். "சீனாவின் பூட்டை உடைக்க வேண்டும், தேச நலன்!" என்று அவர்கள் வாயை அடைப்பது சுலபம். போட்டி என்ற சொல்லுக்கு இருக்கிற பெரிய ஆபத்து இதுதான். எதிரி ஒருவனைக் காட்டிவிட்டால் சொந்த ஜனங்களிடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது. பீஜிங்கிலும் அதுதான் நடக்கிறது, வாஷிங்டனிலும் அதுதான். நாமும் அந்தப் பாடத்தையே படிக்க வேண்டுமா?

நம்முடைய பெருமைப் பேச்சையும் இங்கே கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம். 2025 ஜூனில் நம் மின் உற்பத்தித் திறனில் பாதி நிலக்கரியும் எண்ணெயும் இல்லாதது என்ற நிலையை, குறித்த ஆண்டுக்கு ஐந்து வருஷம் முன்பாகவே எட்டினோம். பாராட்டத்தக்கது. ஆனால் திறன் வேறு, ஓடுகிற மின்சாரம் வேறு. நிஜமாக ஓடிய மின்சாரத்தில் 2024ல் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்துதான் வந்தது. அண்ணனூர் கார் ஷெட்டிலிருந்து புறப்படுகிற ரயில் புகை விடுவதில்லை. அந்தப் புகை எண்ணூரில் விடப்படுகிறது. அனல் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் கழியிலும் படிந்து, இறால் பிடித்துப் பிழைத்தவர்களின் வலையை வெறுமையாக்கிற்று. ஆவடிப் பக்கம் வெளிச்சமும் எண்ணூர்ப் பக்கம் சாம்பலும் என்று பங்கு பிரித்த நாம், உலகத்துக்குத் தலைமை தாங்குவதாகச் சொன்னால் எண்ணூர்க்காரன் சிரிப்பான்.

உலக மேடையிலும் கதை இதேதான். ஏழை தேசங்கள் மாறுவதற்கு வருஷத்துக்கு 10,000 கோடி டாலர் தருவதாக 2009ல் கோபன்ஹேகனில் வாக்குக் கொடுத்தார்கள். 2020க்குள் வர வேண்டியது, அவர்கள் கணக்குப்படியே 2022ல்தான் வந்தது. 2024ல் பாக்கூவில் 2035க்குள் 30,000 கோடி என்றார்கள். அது வெறும் கண்மயக்கு என்று நம் பிரதிநிதி அங்கேயே எழுந்து சொன்னார். "சீனாவும் பணம் போடட்டும்" என்கிறது பணக்கார முகாம். "நான் வளரும் தேசம், நான் ஏன் போட வேண்டும்?" என்கிறது சீனா. 2025 நவம்பரில் பிரேசிலில் கூடிய மாநாட்டுக்கு அமெரிக்க சர்க்கார் பிரதிநிதிக் குழுவையே அனுப்பவில்லை. இரண்டு பங்காளிகள், அம்மாவுக்கு மருந்து யார் வாங்குவது என்று திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"தேசங்கள் எல்லாம் மகாத்மாக்களாக வேண்டும் என்கிறீரா? நடக்கிற காரியமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நடந்த காரியத்தையே சொல்கிறேன். அண்ணனூர் கார் ஷெட்டுக்கு மறுபடியும் போவோம். 1950களில் நம் ரயில்வே மின்சாரத்துக்கு மாற நினைத்தபோது, பிரெஞ்சுக்காரர்கள் தாங்கள் பழகி அறிந்த 25,000 வோல்ட் முறையை நமக்குக் கற்றுக் கொடுத்தார்கள். பெரம்பூரில் 1955ல் திறந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையில் சுவிட்சர்லாந்துக்காரர்கள் நம் பையன்களுக்குப் பெட்டி செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். கற்றுக்கொண்டோம். அப்புறம் நாமே செய்தோம். 2025க்குள் நம் அகல ரயில் பாதை ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டது. உலகத்தில் வேறு எந்தப் பெரிய தேசமும் இவ்வளவு பாதையில் இவ்வளவு தூரம் போகவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம். இதற்கு யார் உலகத் தலைவர்? எந்த மாநாடு? எந்த எதிரி? ஒன்றும் இல்லை. கற்றுக் கொடுக்க ஒருவன் இருந்தான். கற்றுக்கொள்ள ஒருவன் இருந்தான். நாற்பது ஐம்பது வருஷம் விடாமல் கம்பி இழுத்தவன் இருந்தான். அவன் பெயர் எந்த நோட்டீசிலும் இல்லை.

ஆகையால் நமக்கு வேண்டியது எந்தப் பக்கம் சேர்வது என்ற யோசனை அல்ல. வாங்குகிற ஒவ்வொரு யந்திரத்தோடும் வித்தையையும் கேட்டு வாங்குகிற பிடிவாதம் வேண்டும். நம்மைப் போலவே சந்தையாக மட்டும் மதிக்கப்படுகிற ஆப்பிரிக்க, ஆசிய தேசங்களோடு சேர்ந்து கேட்டால் அந்தக் குரலுக்குப் பலம் உண்டு. 2015ல் பாரிஸிலேயே நாம் ஆரம்பித்து வைத்த சர்வதேச சோலார் கூட்டணி புகைப்படம் எடுத்துக்கொள்வதற்காக மட்டும் இருக்க வேண்டாம். மணலை வெட்டுமுன் கடற்கரைக்காரனிடமும், சாம்பலைக் கொட்டுமுன் கழிக்கரைக்காரனிடமும் கேட்கிற நாணயம் வேண்டும். எதிரியைக் காரணம் காட்டி இதைத் தள்ளிப்போடக் கூடாது.

வாசகர்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். அடுத்த தடவை யாராவது, அவர் வெள்ளைக்காரராக இருந்தாலும் சரி, சீனராக இருந்தாலும் சரி, நம்மவராக இருந்தாலும் சரி, மேடையில் ஏறி, "சுத்தமான மின்சாரத்தில் உலகத்துக்கு நாங்களே தலைமை" என்று சொன்னால், கை தட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். இல்லாதவனுக்கு என்ன கற்றுக் கொடுத்தீர்கள்? செலவில் உங்கள் பங்கு எவ்வளவு? சாம்பலை யார் வாசலில் கொட்டினீர்கள்?

மூன்றுக்கும் பதில் வரட்டும். அப்புறம் தாராளமாகக் கை தட்டலாம்.